பொருள் சொல்லும் முன் இரண்டு முறை வாசியுங்கள்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஆங்கிலக் கவிதை நடத்துகிறீர்களா? பொருளுரையைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, கவிதையை இரண்டு முறை நிதானமாக வாய்விட்டு வாசியுங்கள். மனதில் நின்றதை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்; தமிழில் எழுதினாலும் தடுக்க வேண்டாம்.

குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஜான் மேஸ்ஃபீல்டின் 'சீ ஃபீவர்' (1902) அருமையாகப் பொருந்தும். நான்கு அடிகள் கொண்ட மூன்றே பத்திகள். மூன்றும் மறுபடி கடலுக்குப் போகவேண்டும் என்ற அதே ஏக்கத்தில்தான் தொடங்குகின்றன. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு கேளுங்கள்: கடைசிப் பத்தியில் காற்றை, 'தீட்டிய கத்தியைப் போன்றது' என்கிறாரே கவிஞர், சரிதானா? முட்டம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல நிறையவே இருக்கும். "எங்கள் கரையில் காற்று வெட்டாது, வள்ளத்தையே தள்ளும்" என்று ஒரு மாணவி மறுத்தால், அந்த மறுப்பை விட்டுவிடாதீர்கள். அதை இரண்டு ஆங்கில வாக்கியங்களாக்க உதவுங்கள். உவமையை இதைவிட நன்றாக விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டப் பிள்ளைகள் என்றால் மழையைப் பற்றிய கவிதையைத் தேர்ந்தெடுக்கலாம்.

சிறுகதையைக் கடைசிப் பக்கத்துக்கு முன் நிறுத்தி, முடிவை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகத்துக்குக் காரணமான வரியைக் கதையில் காட்டினால்தான் ஏற்க வேண்டும். அணிகளின் பெயர்களையும் தேர்வு வினாக்களையும் மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.