எரிவாயுக் குத்தகையில் கையெழுத்துப் போடும் முன்: பென்சில்வேனியா நிலக்காரர்களுக்கு

இந்தியாவில் நிலத்தடி எண்ணெயும் எரிவாயுவும் அரசின் கையில் இருக்கின்றன. பட்டாதாரருக்குக் கிடைப்பது மேல்மண்ணுக்கான இழப்பீடுதான். அமெரிக்காவில் அடிநில உரிமையும் தனியார் சொத்து. அதை விற்கலாம், பிரிக்கலாம், குத்தகைக்கும் விடலாம். எரிவாயு அடங்கிய மார்செல்லஸ் ஷேல் பாறை நிலத்தடியில் பரவிக் கிடக்கும் பென்சில்வேனியாவில் நிலம் வைத்திருப்பவர் வீட்டுக் கதவை ஒருநாள் கேஸ் கம்பெனியின் ஆள் தட்டக்கூடும். அவர் முதலில் சொல்வது ஏக்கருக்கு இத்தனை டாலர் முன்பணம் என்பதைத்தான். பேரம் பேச வேண்டியவை பெரும்பாலும் அந்தத் தொகைக்கு வெளியேதான் இருக்கின்றன.

படி 1: அடிநிலம் உங்களுடையதுதானா?

வீட்டுப் பத்திரம் உங்கள் பேரில் இருப்பதால் மட்டும் அடியில் உள்ள எரிவாயு உங்களுடையது ஆகிவிடாது. அமெரிக்க எண்ணெய்த் தொழிலுக்கு வழிகாட்டிய டிரேக் கிணறு 1859-ல் தோண்டப்பட்டது இதே மாநிலத்தின் டைட்டஸ்வில்லில்தான். அதற்குப் பிறகு நிலத்தை விற்ற பலர் 'எண்ணெய், எரிவாயு உரிமை எனக்கே' என்று எழுதி வைத்துக்கொண்டு மேல்மண்ணை மட்டும் விற்றிருக்கிறார்கள்.

கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்கள் பத்திரத்திலிருந்து தொடங்கி, விற்றவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் 'விலக்கு', 'ஒதுக்கீடு' பத்திகளைப் படியுங்கள். பழைய பத்திரத்தில் 'கனிமங்கள் நீங்கலாக' என்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். இந்த மாநில நீதிமன்றங்கள் 19-ம் நூற்றாண்டிலிருந்தே, எண்ணெய், எரிவாயு என்று பெயர் சொல்லி எழுதாதவரை 'கனிமம்' என்ற சொல்லில் அவை அடங்காது என்றே பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. 2013-லும் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பழைய குத்தகை ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலையில் ஒரு பழைய ஆழமற்ற கிணறு கொஞ்சமாக கேஸ் கொடுத்துக்கொண்டிருந்தாலே, தாத்தா காலத்துக் குத்தகை மொத்த நிலத்தையும் பிடித்து வைத்திருக்கலாம்.

படி 2: வரும் ஆள் யார், அவர் நீட்டும் தாள் என்ன

வருபவரை 'லேண்ட்மேன்' என்பார்கள். அவர் கம்பெனிக்காக வேலை செய்பவர், உங்கள் ஆலோசகர் இல்லை. 'எல்லாருக்கும் இதே படிவம்தான்' என்பது பேச்சுக்குச் சொல்வது. அச்சடித்த படிவத்தில் கை வைக்காமல், உங்கள் நிபந்தனைகளைத் தனி இணைப்பாக எழுதி, 'முரண்பாடு வந்தால் இணைப்பே செல்லும்' என்ற வரியைச் சேர்ப்பதுதான் வழக்கம். இதற்கு எண்ணெய்-எரிவாயு வழக்கறிஞர் வேண்டும். வீடு வாங்கும்போது பார்த்த வழக்கறிஞர் போதாது.

முன்பணத்துக்குக் கொடுக்கும் தாள் பல நேரம் காசோலை அல்ல, 'டிராஃப்ட்'. கம்பெனி உரிமையைச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே, இத்தனை நாளில் என்று கெடு வைத்துப் பணமாகும். அதற்குள் உங்கள் குத்தகை பதிவாகிவிட்டால் நிலமும் மாட்டிக்கொள்ளும், பணமும் வந்திருக்காது. 'பணம் வந்த பிறகே பதிவு' என்று எழுதி வாங்குங்கள்.

அடமானக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் தேவையா என்று கடன் பத்திரத்தில் பாருங்கள்.

படி 3: ராயல்டிக் கணக்கு

பென்சில்வேனியாவில் 1979-ம் ஆண்டுச் சட்டப்படி ராயல்டி, அதாவது விற்கும் வாயுவில் உரிமையாளருக்குச் சேரும் பங்கு, எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது 12.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இது அடிமட்டம். இதற்கு மேல் கேட்கலாம்.

ஆனால் எந்த விலையில் சதவீதம்? வாயுவைச் சேகரிக்க, ஈரம் நீக்க, அழுத்தம் ஏற்ற, குழாயில் அனுப்ப ஆகும் செலவைக் கழித்த பிறகு ராயல்டி கணக்கிடலாம், அது 1979 சட்டத்துக்கு எதிரானதல்ல என்று 2010-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குத்தகை கழிவுக்கு இடம் கொடுத்தால் 12.5 என்பது கையில் வரும்போது அதைவிடக் குறைந்துவிடும்.

ஓர் உதாரணம். பக்கத்து நிலங்களைச் சேர்த்துக் கம்பெனி ஒன்றாக்கிய 640 ஏக்கர் தொகுப்பில் உங்களுடையது 100 ஏக்கர், ராயல்டி 15 சதவீதம். 100-ஐ 640-ஆல் வகுத்து 0.15-ஆல் பெருக்கினால் 0.0234375. ராயல்டிக் காசோலையோடு வரும் சீட்டில் இந்தத் தசம எண்தான் இருக்கும். தொகுப்பு மாதம் 1,00,000 ஆயிரம் கன அடி (அதாவது 10 கோடி கன அடி) விற்கிறது, விலை ஆயிரம் கன அடிக்கு 2.50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வர வேண்டியது சுமார் 5,859 டாலர். ஆயிரம் கன அடிக்கு 80 சென்ட் கழித்தால் 3,984. ஒரே பத்தியால் மாதம் 1,875 டாலர் போய்விட்டது.

எனவே 'எந்தக் கழிவும் இல்லாத மொத்த ராயல்டி' என்று கேளுங்கள். கம்பெனி பதிலுக்கு 'சரக்கின் மதிப்பைக் கூட்டும் செலவை மட்டும் கழிப்போம்' என்று ஒரு வாசகம் நீட்டும். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் எது மதிப்பைக் கூட்டியது என்ற சண்டைக்கு அதுவே வாசல். தன் துணை நிறுவனத்துக்கே குறைந்த விலையில் விற்றுக் கணக்குக் காட்டுவதையும் தடுத்து எழுதுங்கள். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமையும் வேண்டும்.

ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே வேகமாக இறங்கும். முதல் காசோலையை வைத்துக் கார் கடன் எடுக்காதீர்கள்.

படி 4: குத்தகை எப்போது முடியும்?

முதல் கெடு பெரும்பாலும் 5 ஆண்டு. கம்பெனி விரும்பினால் இன்னொரு 5 ஆண்டு என்ற விருப்பமும் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதை அடித்துவிடுங்கள், அல்லது இரண்டாவது முன்பணத்தை இப்போதே தொகையோடு எழுதுங்கள். கெடுவுக்குப் பிறகு 'லாபமான அளவில் உற்பத்தி நடக்கும்வரை' குத்தகை நீளும். அது தலைமுறைக்கும் போகலாம்.

பக்கத்து நிலங்களோடு சேர்த்து ஒரு தொகுப்பாக்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கும். உங்கள் 200 ஏக்கரில் 10 ஏக்கர் மட்டும் தொகுப்பில் விழுந்து அங்கே கிணறு ஓடினாலே மீதி 190-ம் பிடிபட்டுவிடும். இதை முறிப்பதுதான் 'பியூ' பத்தி: தொகுப்பில் சேராத நிலம் முதல் கெடு முடிந்ததும் விடுபடும். ஆழத்துக்கும் அதேபோல ஒரு பத்தி போட்டால், மார்செல்லஸுக்குக் கீழே உள்ள யூட்டிகா பாறையைத் தனியாகக் குத்தகைக்கு விடலாம்.

கிணற்றை மூடி வைத்துச் சிறு தொகை கொடுத்தே குத்தகையை உயிரோடு வைக்கும் ஏற்பாட்டுக்கும் ஒரு வரம்பு எழுதுங்கள். தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் கூடாது என்பது போல.

படி 5: மேல்மண்

பக்கவாட்டுத் துளை ஒரு மைல், இரண்டு மைல் போகிறது. உங்கள் அடியில் துளைக்க உங்கள் மண்ணில் ரிக் நிற்க வேண்டியதில்லை. நிலம் சிறியதானால் 'மேல்மண்ணைத் தொடாத குத்தகை' கேளுங்கள். இடம் கொடுப்பதானால் ஒரு கிணற்றுத் தளத்துக்குச் சில ஏக்கர் போகும். சாலை, குழாய், அழுத்த நிலையம், தண்ணீர்க் குட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒப்பந்தமும் தனித்தனிப் பணமும். 'வாயுச் சேமிப்பு' உரிமையை, அதாவது வேறிடத்து வாயுவை உங்கள் அடிநிலத்தில் தேக்கி வைக்கும் உரிமையை, படிவத்திலிருந்து நீக்குங்கள்.

விவசாய, வன நிலங்களுக்கான 'கிளீன் அண்ட் கிரீன்' சொத்து வரிச் சலுகையில் இருக்கும் நிலமானால், தோண்டிய பகுதிக்குக் கடந்த 7 ஆண்டு வரி வித்தியாசம் வட்டியோடு திரும்ப வரலாம். அதைக் கம்பெனி கட்டும் என்று எழுதுங்கள்.

படி 6: தோண்டும் முன் தண்ணீர்ச் சோதனை

2012-ன் 13-ம் எண் சட்டப்படி, ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் உள்ள தண்ணீர் அதன் பணிகள் முடிந்து 12 மாதத்துக்குள் கெட்டால், பழி கம்பெனி மேலே என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கம்பெனி அதை மறுத்து நிரூபிக்கலாம். முன்கூட்டியே சோதிக்க வந்தவர்களை நீங்கள் உள்ளே விடாவிட்டால் அதுவே அவர்களுக்கு வாதமாகிவிடும். கம்பெனி சோதனைக்குச் சம்மதியுங்கள், தனியாகவும் ஒன்று செய்யுங்கள். மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே வந்து போர்வெல் தண்ணீரை எடுக்க வேண்டும். பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தாளை வாங்கி வையுங்கள். மீத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கரைந்த உப்பு மொத்தம் ஆகியவை பட்டியலில் இருக்கட்டும். பல வீட்டுப் போர்களில் மீத்தேன் ஏற்கெனவே இருக்கும். முந்தைய அளவு தெரியாமல் பிந்தைய அளவை வைத்து வழக்காட முடியாது.

படி 7: கையெழுத்துக்குப் பிறகு

முன்பணமும் ராயல்டியும் வருமான வரிக்கு உட்பட்டவை. ராயல்டியில், நிலத்தடி வளம் தீர்ந்துபோவதற்கான 'டிப்ளீஷன்' கழிவாக 15 சதவீதம் வரை உண்டு, கணக்காளரிடம் மறக்காமல் கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் பெரும்பாலும் குத்தகையின் சுருக்கம் மட்டுமே பதிவாகும். முழுப் பிரதியும் இணைப்பும் உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும். கெடு முடிந்தும் கிணறு வரவில்லையென்றால் கம்பெனியிடம் விடுதலைப் பத்திரம் கேட்டு வாங்கி, அதையும் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த குத்தகைக்காரரின் வில்லங்கத் தேடலில் பழைய பெயரே வந்து நிற்கும்.