பள்ளிக்கூடத்தை மேம்படுத்தக் கிளம்பும் கவுன்சிலர்கள், கமிட்டிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டில் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது, அல்லது ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அதை மேலே கொண்டுவர வேண்டும் என்று கவுன்சிலருக்கு ஆசை, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசை. நல்லதுதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் தலைமையாசிரியரிடம் கேட்கும் முதல் கேள்வியே பெரும்பாலும் தப்பாக இருக்கிறது: "டென்த்ல எத்தனை பெர்சன்ட் சார்?"

அந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தால் பள்ளி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சதவீதத்தை உயர்த்த இரண்டு வழி உண்டு. ஒன்று, பிள்ளைகளைப் படிக்க வைப்பது. இன்னொன்று, தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களைத் தேர்வு எழுத விடாமல் செய்வது. இரண்டாவதுதான் சுலபம். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, "பையனுக்குப் படிப்பு ஏறலம்மா, ஐ.டி.ஐ. பாருங்க, பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க" என்று பக்குவமாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிடுவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. கணக்கைப் பாருங்கள்: ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியது 48 பேர், தேறியது 46 என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் போர்டில் 96 சதவீதம் என்று எழுதுவார்கள், மாமன்றத்தில் மேசையைத் தட்டுவார்கள். சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் அது 77 கூட இல்லை. காணாமல் போன அந்த 12 பேர் எங்கே என்று கேட்க வேண்டியவர் கவுன்சிலர்தான், ஏனென்றால் அவர்கள் அதே வார்டில்தான் இருக்கிறார்கள், மெக்கானிக் ஷாப்பிலோ கேட்டரிங் வேலையிலோ.

இன்னொரு பக்கம், பத்தாம் வகுப்புக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸ், சுண்டல், மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தேறுவதற்கு மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியல் என்று பணமும் உழைப்பும் கடைசி ஆறு மாதத்தில் கொட்டப்படுகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனுக்குச் சிக்கல் ஆரம்பித்தது மூன்றாம் வகுப்பில். எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராமல் ஏழு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆறு மாதத்தில் என்ன செய்துவிட முடியும்?

எனவே கீழ் வகுப்புக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஏசர் (ASER) ஆய்வில் செய்வதை நீங்களே செய்யலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை: இரண்டாம் வகுப்புத் தரத்தில் நான்கைந்து வரிகள், பாடப்புத்தகத்தில் இல்லாதது, ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஒரு சிறுமி விரலை வைத்துக் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனாள், விரல் ஒரு வரியில் இருக்கிறது, வாய் அதற்கு இரண்டு வரி தள்ளி இருக்கிறது. மொத்தமும் மனப்பாடம். புதுத் தாளைக் கொடுத்ததும் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வைக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்த பிறகு இதைக் கேட்பது இன்னும் எளிது. அதில் பிள்ளைகளைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் இன்னும் அரும்பு நிலையிலேயே எத்தனை பேர், போன பருவத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? இந்த இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். டென்த் பெர்சன்டைவிட இது ஆயிரம் மடங்கு உபயோகமானது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணை வைத்துப் பள்ளிகளுக்குள் போட்டி வைத்தீர்களென்றால் அடுத்த பருவத்தில் எல்லாப் பிள்ளையும் மலராகிவிடும், காகிதத்தில்.

அடுத்தது கட்டடம். கட்டடம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களை இடித்தார்கள், சரி, ஆனால் மாற்று இடம் பார்க்காமலே இடித்த ஊர்களில் பிள்ளைகள் மரத்தடியிலும் சமுதாயக்கூடத்திலும் கிடந்தார்கள். இடிக்கும் தேதியைக் குறிக்கும் முன் வகுப்பு எங்கே நடக்கும் என்பதைத் தீர்மானத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரிய தவறு இதைவிடச் சாதாரணமானது. கட்டிவிட்டுப் பராமரிப்புக்குப் பைசா ஒதுக்காமல் விடுவது. கல்வெட்டில் பெயர் வரும், ஃபினாயில் டப்பாவில் வராதே! புதுக் கழிப்பறை, டைல்ஸ் பளபளக்கிறது, நான்கில் இரண்டுக்குப் பூட்டு, ஒன்று "ஸ்டாஃப்", மிச்சம் இருக்கும் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, மோட்டார் சுவிட்ச் பக்கத்து அங்கன்வாடியில் இருக்கிறது, அந்த ஆயா லீவு போட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இந்த நிலைமையில் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், மாதத்தில் மூன்று நாள் வரவே மாட்டார்கள். ஸ்மார்ட் கிளாஸும் அப்படித்தான், டிவி மேல் துணி போர்த்தி வைத்திருந்தால் அதற்கு மேல் விசாரிக்கவே வேண்டாம். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குப் போராடுவதைவிட, இருப்பதைக் கழுவ ஓர் ஆள், அவருக்கு ஒழுங்கான சம்பளம், உடைந்ததை ஒரு வாரத்தில் சரிசெய்ய ஒரு தொகை என்று பட்ஜெட்டில் எழுத வைப்பது கடினமான வேலை. கைதட்டலும் கிடைக்காது.

பட்ஜெட் என்றதும் சொல்ல வேண்டியது: எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் என்று தெரியாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். சென்னையில் நாம் கட்டும் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. 400-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்தும் மாநகராட்சிக்குச் சொந்தமாகக் கல்வித் துறை இருக்கிறது. கிராம ஊராட்சிக்கு 2021-26 காலத்துக்கான மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணமாக இருந்தது, அதில் பள்ளிக் கழிப்பறையைச் சேர்க்க இடமிருந்தது. இதையெல்லாம் கேட்காமல் "பார்த்துச் செய்றேன்" என்று போகிறவர்கள்தான் அதிகம்.

தலைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னை மாநகராட்சியின் கதையே இருக்கிறது. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று. பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று பார்த்தார்கள், பசி என்று தெரிந்தது, சோறு போட்டார்கள், வருகை கூடியது, இன்னும் சில பள்ளிகளுக்கும் போனது. 1925-ல் அன்றைய அரசு தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுச் செலவு செய்யக் கூடாது என்று சொல்லித் தடுத்துவிட்டது. அவ்வளவு நல்ல திட்டமும் கணக்குத் தலைப்பில் மாட்டிக்கொண்டது. 2022-ல் காலை உணவுத் திட்டம் மதுரை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியபோது மாநில அரசே நிதியோடு வந்ததால் அந்தச் சிக்கல் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வருவோம். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், உள்ளாட்சி உறுப்பினரும் உண்டு. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியது இந்தக் குழு, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்க்க வேண்டியதும் இதுதான். ஊராட்சியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் குழு இருக்கும். இவ்வளவு அதிகாரம் உள்ள ஒரு குழுவைக் கையெழுத்து வாங்கும் குழுவாக மாற்றி வைத்திருக்கிறோம். கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில் பிற்பகலில். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் அம்மாக்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? வந்தவர்களிடம் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, செயலியில் ஏற்றினால் கூட்டம் முடிந்தது. ஆசிரியர்களையும் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் அது, பள்ளி விவரங்களையெல்லாம் ஏற்றும் எமிஸ் இணையதளம் மாதிரி இன்னொரு பதிவு வேலை.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்கக் கேளுங்கள், இல்லை என்றால் முந்தின நாள் தெருவில் நான்கு பேரைப் பார்த்துப் பேசி அவர்கள் சொன்னதைக் கொண்டு போங்கள். தீர்மானம் எழுதும்போது "அடிப்படை வசதிகள் செய்துதர வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதற்கு "ஆவன செய்யப்படும்" என்றுதான் பதில் வரும். "மேற்குப் பக்கக் கழிப்பறையில் 3 கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஜூன் மாதம் முதல் மோட்டார் ஓடவில்லை" என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். கிராம சபையிலும் அதே தீர்மானத்தை அதே சொற்களில் வையுங்கள்.

அப்புறம் இந்த திடீர் ரெய்டு. மொபைல் கேமராவை ஆன் பண்ணிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்து, பிள்ளைகள் முன்னால் டீச்சரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டு, வாட்ஸப்பில் போட்டுவிட்டுப் போவது. லைக் வரும். அந்த டீச்சர் சொல்லுக்கு மறுநாளிலிருந்து வகுப்பில் மதிப்பிருக்காது. முதலில் பள்ளியில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்தீர்களா? அதே கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. அதாவது சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே இரண்டு பேர் ஐந்து வகுப்பு நடத்த வேண்டியிருக்கிறது. அதில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் மிச்சம் ஒருவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர மற்ற வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-வது பிரிவு சொல்கிறது, ஆனால் விழாவுக்குக் கூட்டம் காட்டப் பள்ளியைக் கேட்பவர்களில் நம் ஆட்களும் உண்டுதானே. ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியர் நியமனமும் மாறுதலும் தொடக்கக் கல்வித் துறையின் கையில் இருக்கிறது, தலைமையாசிரியரைத் திட்டி ஒன்றும் ஆகாது, காலியிடத்தைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தீர்மானம் அனுப்புங்கள். ஒழுங்காக வராத ஆசிரியர் இருந்தால்? இருக்கிறார்கள். தேதியோடு எழுதிக் கொடுங்கள், கேமரா வேண்டாம்.

கடைசியாக ஒன்று, அதிகம் பேசப்படாதது. பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மட்டுமே எண்ணுவது. சட்டத்தின் 9-வது பிரிவைப் படித்தால், தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளின் பதிவையும் வைத்திருக்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை, இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியதும் அதன் கடமை. செங்கல் சூளைக்கு வந்தவர்கள், மெட்ரோ வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்கள், சென்னையில் ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட்டு நகரின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள். இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு நேர்ந்ததுதான் மோசம், பல நேரம் பள்ளி ஆண்டின் நடுவிலேயே வீட்டை இடித்தார்கள், பழைய பள்ளி இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, புதிய பள்ளியில் இடம் தேட வேண்டியிருந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். அகற்றுகிற தேதியை முடிவு செய்யும் கூட்டத்தில் மாநகராட்சி ஆளும் உட்கார்ந்திருப்பார், மே மாதம் வரை தள்ளிவைக்க முடியாதா என்று அங்கே கேட்க வேண்டும்.

உங்கள் வார்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்து, டி.சி. வரவில்லை, பிறப்புச் சான்று இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், அந்தக் காரணங்களைச் சொல்லி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கை மறுக்கச் சட்டத்தில் இடமே கிடையாது, 5-வது பிரிவும் 14-வது பிரிவும். கவுன்சிலரோ மேலாண்மைக் குழுவில் ஒருவரோ கூடவே போய் நின்றால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்கள்.