ஆஃபர் நைட்டுக்கு முன்னால்: டொராண்டோவில் வீடு பார்க்கும் நம்ம பக்கத்துக்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து கனடா வந்தவர்களுக்கு, வேலை நிலைத்து பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கையில் வந்ததும் அடுத்த பேச்சு வீடுதான். வாடகைக்குக் கொட்டுகிற பணத்தை மார்ட்கேஜுக்குக் கட்டலாமே என்று தோன்றும். நியாயம்தான். எந்த ஏரியா, எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் சொல்லிவிடுவார்கள். பிடித்த வீட்டுக்கு எவ்வளவு எழுதிக் கொடுப்பது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

நம்ம ஊரில் விலை என்பது பேசிப் பேசி இறங்குவது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குத் தூண் ஒன்றைக் கேட்டால் கடைக்காரர் ஒரு விலை சொல்வார். நாம் பாதியில் ஆரம்பிப்போம். கிளம்புகிற மாதிரி வாசல் வரை போவோம், அவர் கூப்பிடுவார். மனை, வீடு என்றாலும் நடுவில் ஒரு தரகர் உட்காருவார், அவ்வளவுதான் வித்தியாசம். டொராண்டோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் கிராக்கியான வீட்டுக்கு இந்த ஆட்டம் எடுபடாது. அங்கே பெரும்பாலும் ஒரே ராத்திரி, ஒரே காகிதம். பக்கத்து ஆள் என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாது.

வழக்கம் இதுதான். 12 லட்சம் டாலர் போகக்கூடிய வீட்டை 9 லட்சத்து 99 ஆயிரம் என்று போடுவார்கள். ஒரு வாரம் ஊரே வந்து பார்க்கும். செவ்வாய்க்கிழமை இரவு 7 மணிக்கு ஆஃபர் வாங்குகிறோம் என்பார்கள், அதுதான் ஆஃபர் நைட். எத்தனை ஆஃபர் வந்திருக்கிறது என்பதை, எழுத்தில் ஆஃபர் கொடுத்த எல்லோருக்கும் விற்பவரின் ஏஜென்ட் சொல்ல வேண்டும். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 1 முதல் ஒன்டாரியோவில் விற்பவர் விரும்பினால் தொகையைத் திறந்து காட்டலாம், ஆனால் விரும்பினால்தான். அதனால் போட்டிருக்கும் விலையை முதலில் மறந்துவிடுங்கள். அது ஆள் கூட்டப் போட்ட விலை.

பார்க்க வேண்டியது, அதே தெருவிலும் அடுத்த தெருவிலும் கடந்த இரண்டு மூன்று மாதத்தில் விற்ற விலைகளை. கேட்ட விலை வேண்டாம், விற்ற விலை. உங்கள் ஏஜென்ட் எடுத்துத் தருவார், ஹவுஸ்சிக்மா மாதிரியான ஆப்பிலும் பார்க்கலாம். டவுன்ஹவுஸை டவுன்ஹவுஸோடு, தனி வீட்டைத் தனி வீட்டோடு வைத்துப் பாருங்கள். மனையின் அகலம், கராஜ், பேஸ்மென்ட் முடித்திருக்கிறார்களா, கூரையும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் எத்தனை வருடத்துப் பழசு என்று கூட்டிக் கழித்தால் ஒரு தொகை வரும். பேஸ்மென்ட் வாடகையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள், அது நகராட்சியில் பதிந்த முறையான யூனிட்டா என்று கேட்டுவிடுங்கள். பதியாததென்றால் வாடகை இன்றைக்கு வரும், நாளைக்கு ஒரு புகாரில் நின்றுபோகும். 1960களின் கடைசியிலும் 70களிலும் கட்டிய வீடுகள் சிலவற்றில் அலுமினிய வயரிங் இருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் அதற்கு முகம் சுளிப்பார்கள், அதை மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள்.

கிழக்குப் பார்த்த வாசல் வேண்டுமென்று கூடுதலாக எழுதுபவர்களும் நம்மில் உண்டு. அது அவரவர் இஷ்டம். ஏஜென்டிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டால், உங்கள் பலவீனத்தையும் சேர்த்துச் சொன்ன மாதிரிதான்.

வீட்டின் கணக்கு முடிந்ததும் உங்கள் கணக்கு. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போன காலத்தில், நம் பெரியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் சொத்து, கடன் கணக்கான ஐந்தொகை போடாமல் ஒரு கடை வாங்கியிருக்க மாட்டார்கள். நாம் மட்டும் பேங்க் கொடுக்கிற அப்ரூவல் கடிதத்தைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறோம். பேங்க் உங்கள் வட்டியோடு 2 சதவீதம் கூட்டியோ, அல்லது 5.25 சதவீதம் என்றோ, எது அதிகமோ அதை வைத்துத்தான் உங்களைச் சோதிக்கிறது. அதில் தேறினீர்கள் என்றால் அவ்வளவு கடன் கிடைக்கும் என்று அர்த்தம், அவ்வளவும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. ஊருக்கு அனுப்புகிற பணம், குழந்தையின் டேகேர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் வரும் டிக்கெட், இதெல்லாம் பேங்கின் கணக்கில் இருக்காது.

முன்பணத்துக்கும் விதி உண்டு. முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். 8 லட்சம் டாலர் வீட்டுக்குக் குறைந்தது 55 ஆயிரம். 15 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 20 சதவீதம் கட்டாயம். இதோடு பதிவின்போது கட்டும் வரி தனி. 12 லட்சத்துக்கு ஒன்டாரியோ வரி மட்டும் 20,475 டாலர், டொராண்டோ நகர எல்லைக்குள் என்றால் நகராட்சிக்கும் அதே அளவு இன்னொரு முறை. மார்க்கம், ஏஜாக்ஸ் என்று தள்ளிப் போனால் இந்த இரண்டாவது வரி இல்லை. முதல் வீடு என்றால் மாகாண வரியில் 4,000 வரையும், டொராண்டோ வரியில் 4,475 வரையும் கழிவு உண்டு. பி.ஆர். வராமல் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். வாங்கவே நிபந்தனைகள் உண்டு, வாங்கினாலும் ஒன்டாரியோவில் 25 சதவீதம் தனி வரி இருக்கிறது.

ஊரிலிருந்து பணம் வரப்போகிறது என்றால் வீடு பார்க்க ஆரம்பிக்கும் முன்பே வரவழையுங்கள். முன்பணம் எங்கிருந்து வந்தது என்று 90 நாள் கணக்கு கேட்பது வழக்கம். அப்பாவும் அம்மாவும் அன்பளிப்பாகத் தந்தால், திருப்பிக் கேட்க மாட்டோம் என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரைதான் அனுப்ப முடியும். பங்காளிகள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வளவு வீட்டுப் பங்கை நம்பி ஆஃபர் எழுதவே எழுதாதீர்கள். அந்தக் கையெழுத்து என்றைக்கு விழும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது அந்த ஒரு தொகை. இப்படி யோசித்துப் பாருங்கள்: இந்தத் தொகையைவிட ஆயிரம் டாலர் கூடுதலாக இன்னொருவர் வாங்கிவிட்டார் என்று நாளைக் காலையில் கேள்விப்பட்டால் வயிறு எரியுமா? எரியும் என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். போகட்டும் என்று தோன்றினால் அதுதான் உங்கள் உச்சம். ஒரு தாளில் எழுதிவையுங்கள். 11 லட்சத்து 85 ஆயிரம் என்று மொட்டையாக எழுதாமல் 11,86,500 என்கிற மாதிரி எழுதுவது நல்லது, முழுத்தொகையில் நிற்பவர்கள்தான் அதிகம்.

போன ஜூலையில் நான் காரைக்குடியில் இருந்தபோது தங்கை மகன் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டுக்கு ஆஃபர் கொடுத்தான். அங்கே இரவு 7 என்றால் இங்கே விடிகாலை 4.30. வீட்டுப் பட்டாலையில் ஃபோனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "கேட்கிற விலைக்கு மேல எவனாவது கொடுப்பானா? தரகன் ஏத்தி விடுறான்" என்று அவன் அப்பா ஒரே பிடியாக நின்றார். ஒன்பது ஆஃபர் என்று செய்தி வந்தது. மேலே இருந்த மூன்று பேரிடம் மட்டும் இன்னும் ஏற்ற முடியுமா என்று கேட்டார்கள், அதில் இவனும் ஒருவன். உடனே அதே மனுஷர், "பத்தாயிரம் போட்டு முடிங்கப்பா, விடிஞ்சிருச்சு" என்றார். மருமகன் என்னைக் கேட்டான்: "அம்மான், என்ன செய்ய?" எழுதிவைத்ததைப் பார் என்றேன். அதே தொகையைத் திருப்பி அனுப்பினான். வீடு கிடைக்கவில்லை. விற்ற விலை பிறகு தெரிந்தபோது இவனுடையதைவிட 42 ஆயிரம் கூடுதல். பத்தாயிரம் ஏற்றியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

போட்டியில் ஜெயிக்க, கடன் கிடைத்தால்தான், வீட்டைச் சோதித்துத் திருப்தியானால்தான் வாங்குவேன் என்கிற ஃபைனான்ஸ், இன்ஸ்பெக்‌ஷன் நிபந்தனைகளை எடுத்துவிடச் சொல்வார்கள். இன்ஸ்பெக்‌ஷனை ஆஃபருக்கு முன்பே உங்கள் செலவில் செய்துகொள்ளலாம். ஃபைனான்ஸ் நிபந்தனையை எடுப்பதுதான் ஆபத்து. 12 லட்சத்துக்கு எழுதி, பேங்கின் மதிப்பீட்டாளர் 11.5 லட்சம் என்று சொல்லிவிட்டால், 20 சதவீதம் கட்டுவதாக நினைத்திருந்தவர் இன்னும் 40 ஆயிரம் கையிலிருந்து போட வேண்டும். அதைத் தாங்க முடியாதென்றால் நிபந்தனையை விடாதீர்கள். கையெழுத்தான பிறகு வழக்கமாக 24 மணி நேரத்தில் 5 சதவீதம் டெபாசிட் போகும், பின்வாங்கினால் அது போச்சு. வேறொருவருக்குக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் அந்த வித்தியாசத்துக்கும் உங்கள் மேல் கேஸ் வரலாம். பழைய வீட்டுக்கு ஒன்டாரியோவில் மனம் மாறித் திரும்பிக்கொள்ளும் அவகாசம் கிடையாது.

ஆஃபர் நைட்டில் போகாத வீடுகள் ஓரிரு நாளில் அதிக விலையோடு மறுபடி லிஸ்ட்டில் ஏறும். சில வீடுகள் ஒரு மாதம் தாண்டியும் நிற்கும். நம்ம ஊர்ப் பேச்சு அங்கேதான் வேலை செய்யும். எதிர் ஆள் இல்லாதபோது குறைத்து எழுதலாம், இரண்டு நிபந்தனைகளையும் ஐந்து வேலை நாளுக்கு வைக்கலாம், அவர்கள் திருப்பி எழுதினால் நாமும் திருப்பி எழுதலாம். முதல் ஆஃபர் சிரிப்பாக இருக்கும் என்று ஏஜென்ட் கூச்சப்பட்டால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.