குகை ரோபோவுக்குச் சோனார்: பொய்ச் சுவரைப் பிடிப்பது எப்படி?

நீர் நிறைந்த குகையில் ரோபோவின் விசிறி ஒருமுறை வண்டலைக் கிளப்பினால் போதும், கேமரா குருடாகிவிடும். ஜி.பி.எஸ். அங்கே எட்டாது. மிஞ்சுவது ஒலிதான். ஒலித் துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் கருவிதான் சோனார். மெக்சிகோவில் 300 மீட்டருக்கும் ஆழமான சகடோன் நீர்க்குழியை 2007-இல் அளந்த டெப்த்எக்ஸ் ரோபோவில் 50-க்கும் மேற்பட்ட சோனார்கள் இருந்தன. நாம் ஒன்றோடு தொடங்குவோம். மின் இணைப்பும் நீர் புகாத உறையும் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

தூரத்தை ஒற்றை எண்ணாக மட்டும் தரும் சென்சாரை வாங்காதீர்கள். எந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு ஒலி திரும்பியது என்று காட்டும் எதிரொலியின் முழு வரைபையும் (கிராஃப்) தருவதே வேண்டும். ஏன் என்பது மூன்றாம் படியில் புரியும். சுழலும் சோனார் மீது ஆசை வரும். ஒரு சுற்று முடிவதற்குள் ரோபோ நகர்ந்துவிட்டால் படம் கோணலாகிவிடும். முதல் ரோபோவுக்கு அது வேண்டாம்.

படி 1: ஒலியின் வேகம். மென்பொருளில் நொடிக்கு 1500 மீட்டர் என்று இருந்தால் மாற்றுங்கள். அது கடல்நீருக்குத்தான் பொருந்தும். 10 டிகிரி நன்னீரில் வேகம் சுமார் 1447 மீட்டர். மாற்றாவிட்டால் 10 மீட்டரில் இருக்கும் சுவர் 10.37 மீட்டரில் இருப்பதாகக் காட்டும். மோதுவதற்கு வசதியான பிழை!

படி 2: நீரில் இறக்கியதும் சென்சாரின் முகத்தை விரலால் துடையுங்கள். ஒட்டிய காற்றுக்குமிழிகள் ஒலியைத் தடுத்துவிடும்.

படி 3: பொய்ச் சுவர். என்னை மூன்று நாள் அலைக்கழித்த இடம் இது. தொட்டியில் சுவர் 2 மீட்டரில் இருந்தது. திரையில் ஒருமுறை 2, அடுத்தமுறை 4. கேபிளைச் சந்தேகித்து இரண்டு முறை மாற்றினேன். கேபிள் பாவம். சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி ரோபோவின் உடலிலேயே மோதி, மறுபடி சுவருக்குப் போய் வந்திருக்கிறது.

சோதிப்பது எளிது. ரோபோவைச் சுவரை நோக்கி 10 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். உண்மைச் சுவர் 10 சென்டிமீட்டர் நெருங்கும். பொய்ச் சுவர் 20 நெருங்கும். எதிரொலி வரைபில் இரண்டு சுவர்களுக்கான மேடுகளையும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொரு வகைப் பொய்யும் உண்டு: முந்தைய துடிப்பின் எதிரொலி தாமதமாக வந்து இப்போதைய துடிப்பின் கணக்கில் சேர்வது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றிக்கொண்டே இருங்கள். உண்மைச் சுவர் அசையாது, பொய் தாவும். பைத்தானில் நாலைந்து வரி வேலை.

பின்சேர்க்கை: எதிரொலியே வரவில்லை, வழி திறந்திருக்கிறது என்று நம்பி ரோபோவை மோதவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வழவழப்பான பாறை சாய்ந்திருந்தால் ஒலியைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் தள்ளிவிடும். எதிரொலி இல்லாத இடத்தை வரைபடத்தில் ‘வெற்றிடம்’ என்று குறிக்காமல் ‘தெரியாது’ என்று குறியுங்கள். பிறகு ரோபோவை இருபுறமும் சற்றுத் திருப்பி மறுபடி கேளுங்கள்.

கடலோரக் குகைக்குப் போகிறவர்களுக்கு: மேலே நன்னீர், கீழே உப்புநீர் என அடுக்குகள் இருக்கலாம். அந்த எல்லையைத் தாண்டியதும் ஒலியின் வேகம் மாறும். அதைக் கணக்கிட வெப்பமானி மட்டும் போதாது. உப்பின் அளவைக் கணிக்க நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சென்சாரும் வேண்டும்.