ஜெனர் கார்டு குறி: மஞ்சள் விளக்குக்கு என் வழி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பிறந்தநாள் விருந்துகளில் மனசைப் படிக்கும் வித்தை காட்டுகிறேன். வட்டம், கூட்டல், அலை, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து சின்னம், மொத்தம் 25 ஜெனர் கார்டு. 1930களில் டியூக் பல்கலைக்கழக ஆய்வில் புழங்கியவை. கடையில் வாங்கிய கார்டுக்கட்டில், எந்தச் சின்னம் என்று பின்புறத்திலிருந்தே எனக்குக் காட்டும் ரகசியக் குறி வெளிர் நீல மை. மண்டபத்து மஞ்சள் விளக்கில் சுத்தமாகத் தெரியாது.

மையை விட்டுவிட்டேன். பின்புற ஓரக்கோட்டை பிளேடு நுனியால் கடுகளவு சுரண்டினால் வெள்ளைப் புள்ளி விழும். மேலிருந்து முதல் இடம் வட்டம், அடுத்தது கூட்டல், அலை மூன்று, சதுரம் நான்கு, நட்சத்திரம் ஐந்து. எதிர்மூலையிலும் அதே குறி. கார்டு தலைகீழானாலும் கவலையில்லை. கார்டை வாங்கும் நொடியில் பார்த்துவிட்டு, பிறகு ஆள் முகத்தையே பார்க்க வேண்டும். "எப்படி அங்கிள்?" என்று பிடுங்கிப் பார்க்கும் பையன்களை மட்டும் முன்வரிசையில் உட்கார வைப்பதில்லை.