செடி கடிக்கும் மீன்கள் உள்ள தொட்டிக்கு எந்தச் செடி தாங்கும்?

செடி வாங்கப் போகுமுன், உங்கள் மீன் செடியை எந்த விதத்தில் கெடுக்கிறது என்று கவனியுங்கள். தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிடும். சில்வர் டாலர், டின்ஃபாயில் பார்ப், புவனோஸ் ஐரிஸ் டெட்ரா, உவாரு ஆகியவை கடித்தே தின்னும். ஆஸ்கர் செடியைத் தின்பதில்லை. ஆனால் தோண்டிப் பிடுங்கிப் போடும். சாதாரண ப்ளெக்கோ பெரும்பாலும் இரவில் இலையைச் சுரண்டும். அமேசான் ஸ்வார்ட் செடியின் அகன்ற இலை காலையில் சல்லடையாகக் கிடந்தால் அதன் வேலைதான். தங்கமீன் கடிக்கவும் செய்யும், சரளையை வாயில் அள்ளித் துப்பி வேரையும் கிளப்பும்.

தோண்டும் மீனுக்குக் கசப்பான இலையால் பயனில்லை, வேர் சரளையில் இல்லாத செடி வேண்டும். கடிக்கும் மீனுக்குத் தடித்த இலை வேண்டும், அல்லது கடிப்பதைவிட வேகமாக வளரும் செடி வேண்டும். கபோம்பா, ரொட்டாலா, ஹைக்ரோஃபிலா போன்ற மென்தண்டுச் செடிகளை இந்தத் தொட்டிகளில் வைப்பது தீனி போடுவதற்குச் சமம்.

முதலில் வாங்க வேண்டியவை இரண்டு: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். அனுபியாஸ் சேம்புக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கே உரிய ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. இலையும் தோல்போல் தடிமன். பெரும்பாலான மீன்கள் ஒரு முறை கடித்துப் பார்த்து விட்டுவிடும். ஜாவா ஃபெர்னையும் அநேக மீன்கள் விரும்புவதில்லை. இரண்டுக்கும் சரளை வேண்டாம், கட்டையிலோ கல்லிலோ ஒட்டி வளரும் என்பதால் தோண்டுகிற மீனுக்கும் பிடி கிடைக்காது. மென்னீர், கடினநீர் இரண்டையும் தாங்கும். தங்கமீன் தொட்டியின் 18 முதல் 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் பிழைக்கும், வளர்ச்சிதான் மெதுவாகும்.

அனுபியாஸில் 'நானா' வகை சிறியது, பெரிய மீன் அதை எளிதில் அசைத்துவிடும். 15 செ.மீ. தாண்டிய மீன்கள் இருந்தால் பார்ட்டெரி போன்ற பெரிய வகையே சரி. குறைந்தது நான்கைந்து முதிர்ந்த இலையும் விரல் நீளத்துக்கு உறுதியான மட்டத்தண்டும் (இலையும் வேரும் கிளம்பும் தடித்த கிடைத்தண்டு) உள்ள துண்டாகப் பாருங்கள். மட்டத்தண்டை அழுத்தினால் கொழகொழத்தாலோ நாற்றமடித்தாலோ வாங்காதீர்கள். ஆய்வகத்தில் வளர்த்து டப்பாவில் வரும் திசு வளர்ப்புச் செடிகள் நத்தை இல்லாமல் சுத்தமாக இருக்கும், ஆனால் இந்த மீன்களுக்கு அவை மிக இளசு.

ஒட்டும் முறை: ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) போதும். வேர்ப்பகுதியையும் கல்லில் ஒட்டும் இடத்தையும் துணியால் ஒற்றி, பட்டாணி அளவு பசை வைத்து, வேரை அதில் பதித்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு தண்ணீரில் இறக்கலாம். மட்டத்தண்டு முழுவதும் பசை பூச வேண்டாம். நூலால் கட்டுவதானால் பருத்தி நூலைவிட நைலான் தூண்டில் நரம்பு மேல். பருத்தி சில வாரங்களில் மட்கிவிடும். அனுபியாஸ் வேர் அதற்குள் பிடிக்காது. கல்லோ கட்டையோ மீன் முட்டித் தள்ள முடியாத எடையில் இருக்கட்டும்.

மட்டத்தண்டைச் சரளைக்குள் புதைப்பதுதான் இந்த இரண்டு செடிகளும் சாவதற்கு முதல் காரணம். புதைந்த தண்டு அழுகி, நன்றாக இருந்த இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கும். அழுகலைக் கண்டால் கெட்டியான பச்சைத் திசு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மறுபடி ஒட்டுங்கள். அடுத்த தொல்லை ஒளி. மெதுவாக வளரும் இலையில் கடும் வெளிச்சம் பட்டால் பாசி படியும். தினம் 6 முதல் 8 மணி நேரம் மிதமான ஒளி போதும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் நோயல்ல, வித்துப்பைகள். பழைய இலையின் நுனியில் குட்டிச் செடி முளைத்தால் பிய்த்து இன்னொரு கல்லில் ஒட்டலாம்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களான முபுனா சிக்லிட் தொட்டிக்கு, நாடா போன்ற நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியாவையும் சேர்க்கலாம். கடினநீரும் 8-ஐ ஒட்டிய பி.எச். அளவும் அதற்குப் பிடித்தவை. இராட்சத வகையை வாங்குங்கள். 5 முதல் 7 செ.மீ. ஆழச் சரளையில், வேர் உள்ளேயும் வெண்மையான கழுத்து வெளியேயும் இருக்கும்படி நட்டு, சுற்றிலும் தட்டைக் கற்களை அடுக்குங்கள். இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் மண்தொட்டியில் நட்டு இறக்கலாம். முதல் இரண்டு வாரம் இலைகள் கரைவது வழக்கம், பிடுங்கிப் பார்க்காதீர்கள். முடிந்தால் மீன் விடுமுன் ஒரு மாதம் தனியாக வளரவிடுங்கள். ஓடுதண்டு விட்டுப் படர்ந்தபின் பிடுங்குவது கடினம். 'திரவக் கார்பன்' என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு மருந்தை ஊற்றினால் வாலிஸ்நேரியா கரைந்துபோகும். சில்வர் டாலர் தொட்டியில் இதை முயலவே வேண்டாம், ஒட்ட மேய்ந்துவிடும்.

புதுச் செடியை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம், இந்த மீன்களோ அதை வாயில் வைக்கப்போகின்றன. ஒன்று முதல் இரண்டு வாரம் தனி வாளியில், தண்ணீர் மாற்றி மாற்றி வைத்திருங்கள். நத்தை, பாசி ஒழிய, மணம் சேர்க்காத வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு கலந்து அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் அதிகபட்சம் 2 நிமிடம் முக்கலாம். பிறகு குளோரின் நீக்கி சேர்த்த தண்ணீரில் வாடை போகும்வரை அலச வேண்டும். வாலிஸ்நேரியாவும் ஜாவா மாஸ் போன்ற மாஸ் செடிகளும் ப்ளீச் தாங்காது.

செடி எவ்வளவு கடினமானாலும் பசித்த மீன் கடிக்கும். வாரம் இரண்டு மூன்று முறை வெந்நீரில் வாட்டிய கீரை, சுக்கினி, தோலுரித்த பட்டாணி கொடுங்கள். மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கெடும். இதைவிட நல்ல ஏற்பாடு, வெளிச்சமான இடத்தில் ஒரு தனித் தொட்டி வைத்து டக்வீட், ஹார்ன்வொர்ட் போன்ற வேகமாக வளரும் நீர்ச்செடிகளை வளர்த்து அவ்வப்போது கைப்பிடி அள்ளிப் போடுவது. டக்வீடைத் தங்கமீன் விரட்டி விரட்டித் தின்னும். குளத்தில் அள்ளி வந்து போடாதீர்கள், அட்டையும் தும்பிப் புழுவும் கூடவே வரும்.

நட்டபின் பார்க்க வேண்டியது புது இலையை. பழைய இலை எவ்வளவு முழுசாக இருந்தாலும், விரியும் ஒவ்வொரு குருத்தும் கடிபட்டால் செடி சில மாதங்களில் நலிந்துவிடும். அனுபியாஸின் குருத்து முதலில் மென்மையாகவே இருக்கும். இப்படி நடந்தால் இரண்டு செட் வைத்து, ஒன்று தொட்டியில் இருக்கும்போது மற்றொன்றை மீனில்லாத வாளியில் தேற்றி மாற்றி மாற்றி வையுங்கள்.

வளர்ந்த சில்வர் டாலர் கூட்டமோ உவாருவோ இருந்தால் இதுவும் பலிக்காமல் போகலாம். அப்போது பச்சையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோங்கள். மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் நீரிலும் இலை முழுவதும் வெளியிலும் இருக்கும்படி தொட்டி விளிம்பில் பொருத்தினால் மீன் கழிவால் நீரில் சேரும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். மீன்கள் வேரையும் கடிக்கும், அதனால் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் வையுங்கள். தண்ணீரில் மூழ்கும் இலை அழுகும், கண்டவுடன் கிள்ளிவிடுங்கள்.