இலக்க வித்தியாசத்தால் வகுபடும் எண்கள்: பட்டியல் போடுவது எப்படி?

48-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களின் வித்தியாசம் 4. 48 அந்த 4-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. 49-இல் வித்தியாசம் 5, வகுபடாது. அடுத்தடுத்த இலக்கங்களின் வித்தியாசம் ஒவ்வொன்றாலும் வகுபடும் எண்களைத் தேடுவோம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும். வித்தியாசம் 0 வந்தால் (11, 22) அந்த எண்ணைத் தள்ளிவிடுங்கள். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது.

ஈரிலக்க எண்கள் 90-ஐயும் வகுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. பத்தாம் இட இலக்கம் ப, வித்தியாசம் வி என்றால் எண் 11ப − வி அல்லது 11ப + வி என்றுதான் அமையும். ஆகவே வி, 11ப-வை வகுத்தால் போதும். வி 9-ஐத் தாண்டாது, 11-ஓ பகா எண். எனவே வி, ப-வையே வகுத்தாக வேண்டும். அப்போது மற்ற இலக்கத்தையும் அது வகுக்கும். இரண்டு இலக்கங்களையும் அவற்றின் வித்தியாசம் வகுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மனக்கணக்காகவே முடிந்துவிடும்.

இனி வித்தியாசவாரியாக எழுதுங்கள். 1 என்றால் 12, 23, 34 தொடங்கி 89 வரை எட்டு. 2 என்றால் 24, 46, 68. 3 என்றால் 36, 69. 4-க்கு 48 மட்டும். இந்தப் பதினான்கையும் திருப்பி எழுதினாலும் பொருந்தும் (84, 96), ஆக 28. அவற்றோடு 10, 20 முதல் 90 வரை ஒன்பது. மொத்தம் 37 வர வேண்டும். 28-இல் நின்றுவிட்டால் பூஜ்ஜியத்தில் முடியும் எண்களை விட்டிருக்கிறீர்கள்.

மூவிலக்கத்தில் இந்தக் குறுக்குவழி செல்லாது. 132-இன் வித்தியாசங்கள் 2, 1. அந்த 2 முதல் இலக்கமான 1-ஐ வகுக்காது, ஆனால் 132-ஐ வகுக்கும். திருப்புவதும் இங்கே பலிக்காது: 231 ஒற்றைப்படை, 2-ஆல் வகுபடாது. எனவே முதலில் வடிகட்டுங்கள். ஒற்றைப்படை எண்ணில் இரட்டைப்படை வித்தியாசம் ஒன்று இருந்தாலே அது அவுட். வித்தியாசம் 5 என்றால் எண் 0 அல்லது 5-இல் முடிய வேண்டும். 105 தேறும், 948 தேறாது. மிஞ்சியவற்றை மட்டும் வகுத்துப் பாருங்கள்.

இரண்டு வித்தியாசமும் 3 ஆக உள்ள மூவிலக்க எண்கள் எல்லாமே தேறும் என்பது அழகான விஷயம். 147, 258, 474 எதை எடுத்தாலும் மூன்று இலக்கங்களும் 3-ஆல் வகுத்தால் ஒரே மீதியைத் தரும். மூன்று மீதிகளின் கூட்டல் 3-இன் மடங்காகிவிடும். நான்கு இலக்கத்துக்கு இதை நீட்டாதீர்கள்: 1474-இன் இலக்கக் கூட்டல் 16, வகுபடாது.

மூவிலக்கத் தேடலைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதினால், மீதி காணும் வரிக்கு முன்பே வித்தியாசம் 0-வா என்று சோதித்து விலக்குங்கள். இல்லாவிட்டால் 100-இலேயே நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.